அவிநாசி சாலை: கேட்டுப் பெற்ற ஊரில் இன்னும் கேட்கப்படாதவை

உப்பிலிபாளையம் சந்திப்பு. காலை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. எனக்கு முன்னால் ஜி.டி. நாயுடு மேம்பாலம் தரையை விட்டு எழும்பிப் போகிறது. இங்கிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர். நான்கு வழித்தடம், 1,791 கோடி ரூபாய் செலவு, தமிழ்நாட்டிலேயே நீளமான மேம்பாலம். 2025 அக்டோபர் 9 அன்று திறந்தார்கள். மேலே ஏறுகிறவர் பத்து நிமிடத்தில் அந்தப் பக்கம் இறங்கிவிடுகிறார். நான் மேலே போக வரவில்லை. தூண்களை ஒட்டிக் கீழேயே நடந்து, கால் ஓயும்போது டவுன் பஸ்ஸில் ஏறி, கோல்ட்வின்ஸையும் தாண்டி நீலம்பூர் வரை பார்த்துவிட வேண்டும் என்று வந்தேன்.

இந்தச் சாலையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கோவையில் அரசு தானாகக் கொண்டுவந்ததைவிட ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கியது அதிகம். அப்படிக் கேட்டு வாங்கியவை, கேட்டும் இன்னும் கிடைக்காதவை, யாரும் இதுவரை கேட்டே இராதவை ஆகிய மூன்றையும் ஒரே சாலையில் வரிசையாகப் பார்க்க முடிகிற இடம் அவிநாசி சாலை.

சங்கங்கள் கட்டிய ஊர்

அண்ணா சிலைப் பக்கம் நடக்கிறேன். வலப்புறமும் இடப்புறமும் வங்கிகள், ஓட்டல்கள், கார் ஷோரூம்கள். கோவைக்குப் பெரிய ஆறு இல்லை, கடற்கரை இல்லை, தலைநகர் என்ற அந்தஸ்தும் இல்லை. இருந்தது பருத்தி, தொழில் தெரிந்த கைகள், கூடிப் பேசுகிற பழக்கம். 1929-இல் இந்தியத் தொழில் வர்த்தக சபை இங்கே தொடங்கியது. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்ததும் நூற்பாலைகள் அடுத்தடுத்து எழுந்தன. மறு ஆண்டே ஆலை அதிபர்கள் தென்னிந்திய மில்கள் சங்கத்தை, அதாவது ‘சைமா’வை அமைத்தார்கள். 1969-இல் சிறுதொழில் முனைவோர் சேர்ந்து ‘கொடிசியா’வைத் தொடங்கினார்கள். பின்னாளில் கட்டுநர்களுக்குக் ‘கிரெடாய்’ வந்தது.

சாலை, மின்சாரம், ரயில், விமானம், தொழிற்பேட்டை எதுவாக இருந்தாலும் இந்த ஊரில் நடைமுறை ஒன்றுதான். சங்கம் கூடும், தீர்மானம் போடும், மனு எழுதும், அமைச்சரைப் பார்க்கும், தேர்தல் வரும்போது மறுபடியும் நினைவூட்டும். அந்த விடாமுயற்சியை நான் மதிக்கிறேன். சென்னையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர் குரல் கொடுக்காவிட்டால் அதற்கென்று யார் பேசுவார்கள்? என் தலைக்கு மேலே போகிற கான்கிரீட்டும் அப்படிப் பல ஆண்டுகள் பேசிப் பேசிப் பெற்றதுதான்.

மில் மதிலுக்குள் கடைவீதி

லட்சுமி மில்ஸ் சந்திப்பு. 1910-இல் தொடங்கிய நிறுவனம். ஒரு காலத்தில் இந்த மதிலுக்குப் பின்னால் சங்கு ஊதினால் பாப்பநாயக்கன்பாளையமே கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. 2023 ஜூன் முதல் மில் வளாகத்தில் லூலு ஹைப்பர் மார்க்கெட் நடக்கிறது. தள்ளுவண்டி நிறைய மளிகையோடு குடும்பங்கள் வெளியே வருகின்றன.

ஆலை நிலம் வணிக நிலமாக மாறுவதில் தவறு ஒன்றும் இல்லை. நூற்பு வேலை நகரை விட்டு வெளியே போய்விட்டது. நகரின் நடுவில் அத்தனை ஏக்கரைப் பூட்டி வைப்பதால் யாருக்கும் பயனில்லை. ஆனால் நிலத்தின் பயன்பாடு மாறும்போது சாலையின் வேலையும் மாறிவிடுகிறது. மில்லுக்கு ஷிஃப்டுக்கு ஒரு முறை கூட்டம் வரும், பெரும்பாலும் நடந்தோ சைக்கிளிலோ வரும். கடைவீதிக்கு நாள் முழுக்கக் கூட்டம் வரும், அதில் பாதி காரில் வரும். இந்தக் கணக்கை யார் போடுவது என்பதுதான் திட்டமிடலின் முதல் கேள்வி.

அதற்கென்றே ‘மாஸ்டர் பிளான்’ இருக்கிறது. கோவைக்கு 1994-இல் ஒப்புதலான மாஸ்டர் பிளானுக்கு அடுத்து, 2041-ஆம் ஆண்டு வரைக்குமான வரைவு 2024-இல்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. இடையில் போன முப்பது ஆண்டுகளில்தான் இந்தச் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் பெரும்பாலானவை எழுந்தன. பழைய வரைபடத்தின் மேல் புதிய நகரம் ஏறி உட்கார்ந்துவிட்டது. புதிய திட்டம் தாமதமாகிறது என்று வணிகக் கட்டடத்துறையினர் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்து வந்தது நியாயமானது. எங்கே என்ன கட்டலாம் என்று முன்கூட்டியே தெரியாத ஊரில் நேர்மையாகத் தொழில் செய்கிறவருக்குத்தான் நஷ்டம்.

இன்னொரு விதியும் இந்தச் சாலையின் உருவத்தைத் தீர்மானிக்கிறது. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, மனைக்கு முன்னால் உள்ள சாலையின் அகலத்தைப் பொறுத்தே எவ்வளவு உயரம், எவ்வளவு தளப்பரப்பு என்பது முடிவாகிறது. மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கைத்தான் கட்டடக்காரர்கள் ‘எப்.எஸ்.ஐ.’ என்கிறார்கள். சாலை அகலமானால் கூடுதல் கட்டணம் செலுத்திக் கூடுதல் தளமும் கட்டலாம். ஆக, அரசு சாலையை அகலப்படுத்தினால் பக்கத்து மனைகளின் மதிப்பு அன்றே ஏறுகிறது. பொதுப் பணத்தில் உண்டான அந்த மதிப்பில் சாலைக்கும் ஒரு பங்கு திரும்ப வர வேண்டாமா? இந்தக் கேள்வியோடுதான் மேற்கொண்டு நடக்கிறேன்.

பீளமேட்டில் சாலை கடப்பது

நவ இந்தியா தாண்டி பீளமேடு. கல்லூரிகள், மருத்துவமனைகள், பள்ளிகள் என்று இந்தத் துண்டில் மனிதர்கள்தான் அதிகம். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-லிருந்து இங்கே இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் கிருஷ்ணம்மாள் மகளிர் கல்லூரி. இன்னும் போனால் அரசு மருத்துவக் கல்லூரி.

போக்குவரத்து தேங்கக் கூடாது என்று இந்தச் சாலையின் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு ‘யூ டர்ன்’ முறை கொண்டுவந்தார்கள். வண்டிக்காரருக்கு அது நல்லதுதான். சிவப்பு விளக்கில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் வண்டி நிற்காத சாலையை நடந்து போகிறவர் எப்போது கடப்பது?

பூக்கூடையோடு ஒரு பாட்டி பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்து, “ஏங்கண்ணு, அந்தப் பக்கமா போறே? செத்த கையப் புடிச்சுக்க” என்றார். நாலைந்து மாணவிகளும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு பேருந்து வேகம் குறைந்தபோது அதை அணையாக வைத்து எல்லோரும் கூட்டமாக நடுத்திட்டுக்கு ஓடினோம். தூணின் நிழலில் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபாதிக்குக் காத்திருந்தோம். “மேல போறவிங்களுக்குப் பத்து நிமிசம்னு சொல்றாங்க. நமக்கு ரோட்டத் தாண்டவே அவ்வளவு ஆகுதுங்க” என்றாள் ஒரு மாணவி.

அந்தச் சொல் என்னோடு நெடுந்தூரம் வந்தது. மேம்பாலத்தின் பயனை அளக்கும்போது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எவ்வளவு நேரம் மிச்சமானது என்று அளக்கிறோம். ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கத்துக்கு எவ்வளவு நேரம் என்று அளப்பதில்லை. ஆனால் வணிகத்துக்கு இரண்டாவது அளவுதான் முக்கியம். கடைக்காரரின் வாடிக்கையாளர் மேம்பாலத்தில் பறப்பவர் இல்லை, எதிர்ப்புறத்திலிருந்து நடந்து வருகிறவர். சாலையைக் கடக்க முடியாவிட்டால் அவர் வர மாட்டார். ஒரே சாலையின் இரு பக்கமும் இரண்டு தனி ஊர்களாகிவிடும். தூணுக்கு எதிரே செல்போன் உதிரிபாகம் விற்கிற ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “எதிர்த்தாப்புல இருக்கிற ஆஸ்பத்திரி ஆளுங்க முன்னெல்லாம் வருவாங்கண்ணா. இப்போ அந்தப் பக்கமே பாத்துக்கறாங்க” என்றார்.

ஹோப் காலேஜில் அலுவலக நேரம்

ஹோப் காலேஜ் சந்திப்பில் வடக்கே பிரிகிற சாலை விளாங்குறிச்சி டைடல் பார்க்குக்குப் போகிறது. 2010-இல் டைடல் பார்க் வந்தது. 2024 நவம்பரில் அதே பகுதியில் மாநில அரசு நிறுவனமான எல்காட்டின் புதிய தகவல் தொழில்நுட்பக் கட்டடம் திறக்கப்பட்டது. ஐ.டி. வேலைக்கு ஊரை விட்டுப் போக வேண்டாம் என்ற நிலையைக் கொண்டுவந்ததற்காக இந்தக் கட்டடங்களுக்கு நான் நன்றி சொல்வேன். எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் பெங்களூருக்கு மூட்டை கட்டாமல் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்கிறார்கள்.

அலுவலக நேரத்தில் இங்கே நின்று பார்த்தால் இரு சக்கர வண்டிகள்தான் கண்ணில் படுகின்றன. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய இளைஞர்கள் ஓர் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு போகிறார்கள். விடுதிகளின் விளம்பரப் பலகைகள் மின்கம்பம் தோறும் தொங்குகின்றன. அலுவலகப் பரப்பை லட்சம் சதுர அடிக் கணக்கில் கேட்டு வாங்கிய நாம், அங்கே வேலைக்கு வருகிறவர் எங்கே தங்குவார், எதில் வருவார் என்பதை அதே மனுவில் எழுதியிருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. மேம்பாலத்துக்குப் பெயர் கொடுத்த ஜி.டி. நாயுடுவை விஞ்ஞானி, தொழிலதிபர் என்று எல்லோரும் அறிவார்கள். அவர் காலூன்றியது பேருந்துத் தொழிலில். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டித்தான் அவர் வாழ்க்கை எழும்பியது. சாதாரண மக்களை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் பெரிய தொழில் இருக்கிறது என்று அவர் நூறு ஆண்டுக்கு முன்பே கண்டுகொண்டார். அவர் பெயரால் நிற்கிற பாலத்தில் டவுன் பஸ்ஸுக்கு வேலை இல்லை. நிறுத்தங்கள் எல்லாம் கீழே இருக்கின்றன. கீழேயும் பேருந்துக்கென்று தனித்தடம் கிடையாது. இனி அதைக் கேட்பது அவருக்குச் செய்யும் மரியாதையாக இருக்கும்.

திரும்பி வந்த மெட்ரோ

இதே சாலையில் மெட்ரோ ரயிலும் வருவதாகத் திட்டம். அவிநாசி சாலைக்கு ஒன்று, சத்தியமங்கலம் சாலைக்கு ஒன்று என்று இரண்டு வழித்தடங்கள். மதிப்பு 10,740 கோடி ரூபாய். 2025 நவம்பரில் ஒன்றிய அரசு கோவை, மதுரை இரண்டின் திட்டங்களையும் திருப்பி அனுப்பியது. 2017-ஆம் ஆண்டு மெட்ரோ கொள்கை 20 லட்சம் மக்கள்தொகையை எதிர்பார்க்கிறது, 2011 கணக்கெடுப்பின்படி கோவையில் 15.84 லட்சம் பேர்தான் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆக்ரா, பாட்னா, போபால் நகரங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்று தமிழ்நாடு கேட்டது. சரியான கேள்வி. 2011-ஆம் ஆண்டின் தலைக்கணக்கை வைத்து 2041-ஆம் ஆண்டின் நகரத்தை அளக்கக் கூடாது. தொழில் அமைப்புகள் அடுத்த கணக்கெடுப்பு வரை காத்திராமல் இதை வலியுறுத்த வேண்டும்.

கூடவே நமக்குள்ளும் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரே சாலையில் மேம்பாலமும் மெட்ரோவும் வர வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். நடுவில் தூண் வரிசை நின்றுவிட்ட பிறகு ரயில் பாதை ஓரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. ஓரத்துக்குப் போனால் கடைகளின் முகப்பைத் தொட வேண்டும், நிலம் எடுக்க வேண்டும், செலவு ஏறும். நெடுஞ்சாலைத் துறை ஒரு பக்கம், மெட்ரோ நிறுவனம் ஒரு பக்கம், மாநகராட்சி ஒரு பக்கம், நகர் ஊரமைப்புத் துறை இன்னொரு பக்கம் என்று தனித்தனியாக வேலை பார்க்கும்போது சங்கங்களும் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி மனு கொடுத்துவிட்டுப் போகின்றன. எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கிற மனு ஒன்றாவது வேண்டும்.

விமான நிலைய வேலிக்கு வெளியே

சித்ரா சந்திப்பு. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் 1956-லிருந்து இருக்கிற இடம். அதன் சுருக்கப் பெயரே ஊருக்கும் பெயராகிவிட்டது. இங்கே திரும்பினால் விமான நிலையம்.

கோவை விமான நிலையத்தை விரிவாக்க வேண்டும் என்பது கொங்கு மண்டலத்தின் மிக நீண்ட கோரிக்கைகளில் ஒன்று. 2010-லேயே அறிவிப்பு வந்தது. அறுநூறு ஏக்கருக்கு மேல் நிலம் எடுப்பதில் பல ஆண்டுகள் கழிந்தன. இப்போதுள்ள ஓடுதளம் சுமார் மூன்று கிலோமீட்டர். பெரிய விமானங்களும் முழுச் சரக்கோடு நெடுந்தூரம் போகிற விமானங்களும் வர அதை நீட்ட வேண்டும். இங்கிருந்து சிங்கப்பூர், ஷார்ஜா, அபுதாபிக்கு விமானம் உண்டு. துபாய்க்கு நேரடி விமானம் வேண்டும் என்று தொழில்துறை கேட்டுக்கொண்டே இருக்கிறது. துபாயோடு உள்ள விமானச் சேவை ஒப்பந்தப் பட்டியலில் கோவையின் பெயர் ஏறாதவரை துபாய் விமான நிறுவனங்கள் வர முடியாது. திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளருக்கும் பம்ப்செட் விற்கப் போகிறவருக்கும் இது சொகுசு விஷயம் இல்லை, பிழைப்பு.

வேலியை ஒட்டிய பாதையில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு பெரியவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். விரிவாக்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம். “ஊருக்கு நல்லது வரட்டுங்க, நாங்க வேண்டாம்னு சொல்லலீங்க. ஆனா எடுப்பாங்களா மாட்டாங்களான்னு வருசக்கணக்கா விக்கவும் முடியல, அடமானம் வெக்கவும் முடியல. புள்ள கலியாணத்துக்குக் கடன்தான் வாங்குனோம்” என்றார்.

நிலம் எடுப்பு என்றதும் இழப்பீட்டுத் தொகையை மட்டும் பேசுகிறோம். தாமதமும் ஓர் இழப்புதான். அறிவிப்புக்கும் காசோலைக்கும் இடைப்பட்ட காலத்தில் அந்தக் குடும்பத்தின் சொத்து செத்த சொத்தாகக் கிடக்கிறது. விமான நிலையம் வேண்டும் என்று மாநாடு நடத்துகிறவர்கள், நிலம் கொடுப்பவருக்குக் கெடு வைத்துப் பணம் தர வேண்டும் என்பதையும் தங்கள் கோரிக்கையின் முதல் வரியாக வைத்தால், எதிர்ப்பும் வழக்கும் குறைந்து திட்டமும் விரைவில் முடியும்.

கொடிசியா காட்டிய வழி

விமான நிலையத்துக்கு அருகில்தான் கொடிசியா வணிக வளாகம். பம்ப், மோட்டார், வெட் கிரைண்டர் செய்கிற சிறுதொழில்காரர்கள் தங்கள் பொருளைக் காட்ட ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார்கள். அரசு கட்டித் தரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் சங்கமே எழுப்பிக்கொண்டது. இயந்திரக் கண்காட்சிகள் நடக்கின்றன. 2010 ஜூனில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது இங்கேதான். ஆண்டுதோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. கொரோனா காலத்தில் இதே அரங்குகளில் நோயாளிகளுக்குப் படுக்கை போட்டார்கள்.

பரந்த அரங்கின் வாசலில் நின்றபோது எனக்கு ஒன்று தெளிவானது. தொழிலுக்காகக் கட்டிய கட்டடம் ஊருக்கும் பயன்பட்டால் அதை ஊரே தன்னுடையது என்கிறது. கள்ளப்பாளையத்திலும் மோப்பிரிபாளையத்திலும் உறுப்பினர்கள் பணம் போட்டு உருவாக்கிய தொழிற்பேட்டைகளும் இதே மரபில் வந்தவை. கேட்பதோடு நில்லாமல் தன் பங்கையும் எடுத்து வைக்கிற குணம் இந்த ஊர்ச் சங்கங்களுக்கு இருக்கிறது. ஆகவேதான் இவர்களிடம் இன்னும் கொஞ்சம் எதிர்பார்க்கிறேன்.

பாலம் முடிகிற இடம்

கோல்ட்வின்ஸில் மேம்பாலம் தரைக்கு வருகிறது. மேலிருந்து வேகமாக வந்தவர்கள் கீழே ஏற்கெனவே நிற்கிற வண்டிகளோடு சேர்கிறார்கள். சின்னியம்பாளையம் தாண்டி நீலம்பூர் வரை பேருந்தில் போனேன். பாலத்தை நீலம்பூர் வரை நீட்ட வேண்டும் என்பது அடுத்த கோரிக்கை. வழியெங்கும் கிடங்குகள், புதிய மனைப் பிரிவுகளின் கொடிகள், பாதி எழும்பிய அடுக்ககங்கள். நகரம் கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. நீட்டிப்பு வரட்டும். வருவதற்கு முன்பே, இதுவரை வந்ததில் கற்றதை எழுதி வைத்துக்கொண்டால் நீலம்பூருக்குப் பீளமேட்டின் கதி வராது.

அடுத்த மனுவில் நான்கு கோரிக்கைகள் இடம்பெற வேண்டும் என்று இந்தச் சாலை எனக்குச் சொல்லித் தந்தது.

முதலாவது, சாலை கடக்கும் வசதி. கல்லூரி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம் உள்ள ஒவ்வோர் இடத்திலும் தரைமட்டத்திலேயே, முதியவரும் சக்கர நாற்காலிக்காரரும் பயப்படாமல் கடக்கிற வழி வேண்டும். அந்த நிமிடம் வண்டிகள் நிற்கட்டும். வேகமாகப் போக விரும்புகிறவருக்குத்தான் மேலே பாலம் இருக்கிறதே.

இரண்டாவது, பேருந்து. நீண்ட தூர வண்டிகள் மேலே போய்விட்டதால் கீழே கிடைத்த இடத்தைக் கார் நிறுத்தங்கள் தின்றுவிடும் முன், அதில் பேருந்துத் தடமும் நிழலுள்ள நிறுத்தங்களும் கேட்க வேண்டும். மெட்ரோ வந்தாலும் அதற்கு ஆள் கொண்டுவந்து சேர்க்கப்போவது பேருந்துதான்.

மூன்றாவது, பணம். பெரிய கட்டடங்களுக்கு அனுமதி வாங்கும்போது ‘உள்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம்’ வசூலிக்கிறார்கள். அது மாநில அளவிலான நிதியில் சேர்கிறது. கோவையில் வசூலானதில் குறிப்பிட்ட பங்கு கோவையின் நடைபாதைக்கும் மழைநீர் வடிகாலுக்கும் திரும்ப வர வேண்டும், அந்தக் கணக்கு ஆண்டுதோறும் வெளியாக வேண்டும் என்று கேட்கிற உரிமை கட்டணம் கட்டுகிறவர்களுக்கு இருக்கிறது. மழை பெய்தால் உப்பிலிபாளையம் பக்கத்து ரயில்வே பாலத்தடியில் தண்ணீர் நிற்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தண்ணீரில் நனைவது அவர்களின் வாடிக்கையாளர்களும் ஊழியர்களும்தான்.

நான்காவது, நிலம் கொடுப்பவருக்கான கெடு. அறிவித்த நாளிலிருந்து குறித்த காலத்துக்குள் பணம் தராவிட்டால் நிலத்தை விடுவிக்க வேண்டும்.

இவை நான்கும் தொழிலுக்கு எதிரானவை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஊழியர் எளிதாக வந்து சேர்கிற அலுவலகம்தான் காலியாகாமல் இருக்கும். நடந்து வர முடிகிற கடைக்குத்தான் வாடகை நிலைக்கும். ஊர் முழுவதும் சேர்ந்து கேட்கிற திட்டத்தை எந்த அரசும் லேசில் தள்ளிப்போடாது. பூக்காரப் பாட்டிக்குச் சங்கம் கிடையாது. அந்த மாணவிகளுக்கும் நிலம் கொடுத்த பெரியவருக்கும் தில்லி போய் அமைச்சரைச் சந்திக்க வழி கிடையாது. அந்த வழி இருக்கிறவர்கள் கோவையின் தொழில் அமைப்புகள். நூறாண்டுக் காலமாகக் கேட்டுக் கேட்டு வாங்கிப் பழகிய குரல் அவர்களுடையது. அடுத்த முறை அந்தக் குரல் எழும்போது இவர்களுக்காகவும் எழ வேண்டும்.